அன்ரிஒக்சிடன்ற் குளிசைகள்: போத்தலில் இருப்பதும் உடம்பில் இருப்பதும்

சில மாதங்களுக்கு முன் எழுபது வயதை நெருங்கும் ஓர் ஐயா என்னிடம் வந்தார். மாரடைப்பு வந்து, இதயக் குழாய்க்குள் ஸ்ரென்ற் வைத்து, வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பி ஒரு வாரம். கொண்டுவந்த பையை மேசையில் கொட்டி மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அடியில் ஒரு பெரிய போத்தல் கிடந்தது. விற்றமின் ஈ, விற்றமின் சீ, பீற்றா கரோட்டின், செலினியம் எல்லாம் சேர்ந்த அன்ரிஒக்சிடன்ற் குளிசை. "டொக்டர் தம்பி, இது மகள் வாங்கித் தந்தவள். நல்ல சாமான். இதைத் தொடங்கின பிறகு அந்தக் கொலஸ்திரோல் குளிசையை விட்டிட்டன். அது கால் உளைவு தாறது" என்றார். விட்டு எட்டு மாதம்.

குளிசையை விட்டதால்தான் மாரடைப்பு வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு மனிதரில் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இதே கேள்வியை இருபதாயிரம் பேரில் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். (ஐயாவின் அனுமதியுடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

ஒட்சியேற்ற அழுத்தம் என்றால் என்ன?

நீண்ட நாள் திறந்து வைத்த நல்லெண்ணெய் காறல் மணம் மணப்பதை அறிவீர்கள். காற்றில் உள்ள ஒட்சிசன் எண்ணெயின் கொழுப்பைத் தாக்குவதால் வரும் மாற்றம் அது. எங்கள் உடற்கலங்களின் சுவரும் கொழுப்பால் ஆனதே. நாம் சாப்பிட்ட சோற்றில் இருந்து சக்தியை எடுக்க ஒவ்வொரு கலமும் ஒட்சிசனைப் பாவிக்கிறது. அப்போது அதில் ஒரு சிறு பங்கு அரைகுறையாக மாறி, பக்கத்தில் உள்ளதை எல்லாம் தாக்கும் முரட்டு மூலக்கூறாகிறது. சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பரவொட்சைட்டு என்பவை இந்த வகை. சிகரெட் புகை, கதிர்வீச்சு, கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம் போன்றவை இவற்றைக் கூட்டும். இவை உண்டாகும் வேகத்துக்கு உடம்பு அழித்து ஈடுகொடுக்க முடியாத நிலையைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம்.

இவை முழுக்க முழுக்க எதிரிகள் என்றும் எண்ண வேண்டாம். எங்கள் வெண்குழியங்கள் கிருமிகளைக் கொல்லுவதே சுப்பரொட்சைட்டை உண்டாக்கித்தான். அதை உண்டாக்கும் திறன் இல்லாமல் பிறக்கும் சில குழந்தைகள் திரும்பத் திரும்பக் கடுமையான கிருமித் தொற்றுக்கு ஆளாகிறார்கள். "எல்லாவற்றையும் அழித்துவிடும்" என்று போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உடம்பின் சொந்தக் காவலர்கள்

விளம்பரங்கள் சொல்லாத விசயம், உடம்பின் முக்கிய பாதுகாப்பு நாம் விழுங்கும் விற்றமின்கள் அல்ல, உடம்பு தானே செய்யும் நொதியங்கள் என்பது. இரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த, செம்பு கொண்ட ஒரு புரதம் 1938 முதலே அறியப்பட்டிருந்தது. ஆனால் அதன் வேலை ஒருவருக்கும் தெரியாது. 1969 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மக்கோர்ட் என்ற மாணவரும் அவருடைய ஆசான் இர்வின் ஃபிரிடோவிச்சும் அந்த வேலையைக் கண்டுபிடித்தார்கள். அது சுப்பரொட்சைட்டை ஐதரசன் பரவொட்சைட்டாக மாற்றுகிறது. அதனால் சுப்பரொட்சைட்டு டிஸ்மியூற்றேஸ் என்று பெயர் பெற்றது. அடுத்த கட்டமாக, அந்தப் பரவொட்சைட்டைத் தண்ணீராக மாற்ற கற்றலேஸ், குளூற்றதயோன் பரவொட்சிடேஸ் என்னும் நொதியங்கள் இருக்கின்றன. இரண்டாவதற்குச் செலினியம் தேவை. செலினியம் தேவைப்படுவது மிகச் சிறிய அளவில்தான். மீன், முட்டை, இறைச்சி சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாக அது போதியளவு கிடைத்துவிடும்.

கற்றலேசைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டலாம். மருந்துக் கடையில் வாங்கும் ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலில் சில துளிகளைப் பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் விடுங்கள். நுரைத்துப் பொங்கும். அவித்த கிழங்கில் விட்டால் ஒன்றும் நடக்காது. அவித்ததும் நொதியம் செத்துவிட்டது. புண்ணில் ஊற்றினால் நுரைப்பதும் இதே காரணத்தால்தான்.

1940களின் பிற்பகுதியில் ஜப்பானில் தக்கஹாரா என்ற காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ஒரு 11 வயதுச் சிறுமியின் வாய்ப் புண்ணைச் சத்திரசிகிச்சை செய்தபின் பரவொட்சைட்டு ஊற்றினார். நுரைக்கவில்லை. இரத்தம் கறுத்துப் போனது. போத்தலில் ஏதோ பிழை என்றுதான் முதலில் சந்தேகித்தார். கடைசியில் அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் கற்றலேஸ் இல்லை என்பதைக் கண்டார். ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலானோர் பெரிய வருத்தம் இல்லாமல் வாழ்கிறார்கள். ஒரு காவலர் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார்.

இந்த நொதியங்களையே குளிசையாக விற்பவர்களும் உண்டு. நொதியம் என்பது புரதம். வாயால் விழுங்கினால் முட்டை வெள்ளைக்கருவைப் போல இரைப்பையிலும் குடலிலும் சமித்துப் போகும். அதற்கு முட்டையே வாங்கலாம், மலிவு.

குளிசைகளைப் பரிசோதித்தபோது நடந்தது

மரக்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு மாரடைப்பும் சில புற்றுநோய்களும் குறைவு. அதில் இருக்கும் அன்ரிஒக்சிடன்றைப் பிரித்துக் கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று 1980களில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள், அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை எடுத்து, சிலருக்கு பீற்றா கரோட்டினும் சிலருக்கு விற்றமின் ஈயும் கொடுத்தார்கள். 1994 இல் முடிவு வந்தபோது, பீற்றா கரோட்டின் எடுத்தவர்களில் சுவாசப்பைப் புற்றுநோய் 18 வீதம் அதிகமாக இருந்தது. குறையவில்லை, கூடியது. அமெரிக்காவில் புகைப்பவர்களிலும் அஸ்பெஸ்ரசுடன் வேலை செய்தவர்களிலும் நடந்த இன்னொரு ஆய்வில் 28 வீதம் கூடியது. அதை 1996 இல் இடையிலேயே நிறுத்தினார்கள். விற்றமின் ஈ புரொஸ்ரேற் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,000 க்கு மேற்பட்ட ஆண்களில் பார்த்த ஆய்வின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை, அதை எடுத்தவர்களில் அந்தப் புற்றுநோய் 17 வீதம் கூடியது என்கிறது.

இப்போது ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். இங்கே பிரித்தானியாவில், இதய வருத்தம், இரத்தக்குழாய் வருத்தம் அல்லது நீரிழிவு உள்ள 20,536 பேரில் நடந்த ஆய்வின் முடிவு 2002 இல் வெளிவந்தது. ஒரே ஆய்வில் இரண்டு கேள்விகள். பாதிப் பேருக்குச் சிம்வஸ்ரற்றின் என்ற கொலஸ்திரோல் குளிசை, மற்றப் பாதிக்கு வெறும் மாக்குளிசை. அதே ஆட்களை இன்னொரு விதமாகவும் பிரித்து, பாதிப் பேருக்கு விற்றமின் ஈ 600 மில்லிகிராம், விற்றமின் சீ 250 மில்லிகிராம், பீற்றா கரோட்டின் 20 மில்லிகிராம் தினமும். ஐந்து வருடம். விற்றமின் எடுத்தவர்களின் இரத்தத்தில் விற்றமின் நன்றாகவே ஏறியது. ஆனால் மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், மரணம் ஒன்றிலும் வித்தியாசம் இல்லை. கொலஸ்திரோல் குளிசை எடுத்தவர்களில் மாரடைப்பும் பாரிசவாதமும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தன.

ஐயா மகளுடைய காசில் வாங்கியது ஏறக்குறைய அந்தப் பலனற்ற கலவையைத்தான். அரசாங்கம் கொடுத்த, பலன் உள்ள குளிசையை அவர் நிறுத்தியிருந்தார். கால் உளைவு உண்மையான பிரச்சினை, நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அளவைக் குறைக்கலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம், வேறு வகை மருந்தும் உண்டு. வந்து சொன்னால் செய்யலாம். சொல்லாமல் விடுவது எங்கள் ஆட்களிடம் இருக்கும் ஒரு பழக்கம். "டொக்டர் ஏசுவார்" என்ற பயம். அந்தப் பயத்துக்கு எங்கள் தொழிலிலும் குற்றம் இருக்கிறது.

ஒரு நொதியக் குறைபாடு, ஒரு பையன்

நான் இந்த நொதியங்களைப் புத்தகத்தில் படித்தேன். புரிந்துகொண்டது 1997 இல் வன்னியில். மலேரியா மலிந்திருந்த காலம். ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். இரத்தத்தில் கிருமி இருந்தது. குளோரோகுயினும் பிரைமாகுயினும் நானே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தாய் ஒரு போத்தலில் அவனுடைய சிறுநீரைக் கொண்டுவந்தார். பால் விடாத தேத்தண்ணி நிறம். பையனின் கண் மஞ்சள், உதடு வெளிறியிருந்தது. மருந்தை நிறுத்தி, தகப்பனின் இரத்தம் ஏற்றி, பிழைத்தான். பிறகுதான் தாய் சொன்னார், இவனுக்கு மூத்த ஆண் குழந்தை பிறந்து நாலாம் நாள் கடும் மஞ்சளாகி இறந்தது என்று. மருந்து எழுதும் முன் நான் அதைக் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தல்.

அவனுக்கு இருந்தது ஜீ-6-பீ-டீ என்ற நொதியத்தின் குறைபாடு என்றே நம்புகிறேன். அன்று அங்கே பரிசோதிக்க வசதி இல்லை. செங்குழியத்தில் பரவொட்சைட்டை அழிக்கும் குளூற்றதயோன் பாவிக்கப் பாவிக்கத் தீர்ந்துபோகும். அதைத் திரும்பப் புதுப்பித்துக் கொடுக்கத் தேவையான எரிபொருளை ஜீ-6-பீ-டீதான் செய்கிறது. மற்றக் கலங்களுக்கு வேறு வழிகள் உண்டு, செங்குழியத்துக்கு இல்லை. எனவே ஒட்சியேற்றம் கூட்டும் மருந்து உள்ளே போனதும் செங்குழியங்கள் உடைகின்றன. பிரைமாகுயினால் சிலருக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது என்ற புதிருக்கு 1956 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்ட விடை இது. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில்தான் அதிகம், ஏனென்றால் இது மலேரியாவில் இருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. தாய் வழியாக வந்து, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்கும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. மரபணு எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

பிரித்தானியாவில் பிறக்கும் குழந்தைக்குக் குதியில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் இதைப் பார்ப்பதில்லை. ஆகவே குடும்பத்தில் யாராவது ஆண்பிள்ளைக்குப் பிறந்தவுடன் கடும் மஞ்சள் வந்திருந்தால், அல்லது மருந்துக்குப் பின் சிறுநீர் கறுத்திருந்தால், உங்கள் ஜீபியிடம் சொல்லுங்கள். குறைபாடு உறுதியானவர்கள் பிரைமாகுயின், டப்சோன், சலக்கடுப்புக்குக் கொடுக்கும் நைற்றோஃபியூரன்ரோயின் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஐரோப்பியர் சாப்பிடும் ஃபாவா அவரையும் கூடாது. சீலைப் பெட்டிக்குள் வைக்கும் நப்தலீன் பூச்சி உருண்டையும் செங்குழியங்களை உடைக்கும். ஊரில் இருந்து வந்த பழைய துணியால் கைக்குழந்தையைச் சுற்ற முன் அதைத் துவைத்து, காற்றாட விடுங்கள். குழந்தைகளின் உடம்பில் மருதாணி பூசியும் இப்படி நடந்திருக்கிறது.

பரிசோதனை பற்றி ஒன்று. செங்குழியங்கள் உடைந்துகொண்டிருக்கும் நாட்களில் சோதித்தால் முடிவு சரியாக இருப்பதுபோல் காட்டலாம். நொதியம் குறைந்த பழைய குழியங்கள் உடைந்துபோய், புதியவையே மிஞ்சியிருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்கும்படி கேளுங்கள்.

பரசிட்டமோல்

இதே குளூற்றதயோன் ஈரலில் செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பரசிட்டமோலின் ஒரு சிறு பகுதி ஈரலில் நஞ்சாக மாறுகிறது. குளூற்றதயோன் அதைப் பிடித்து வெளியேற்றும். அளவு மிஞ்சினால் குளூற்றதயோன் தீர்ந்து, ஈரல் கலங்கள் சாகும். பல்வலிக்கு நாலு மணிக்கு ஒருதரம் இரண்டு குளிசை போட்டு, அதற்கு மேல் தடிமன் மருந்துத் தூளையும் கரைத்துக் குடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தத் தூளிலும் பரசிட்டமோல் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும், நாள்தோறும் மது அருந்துபவர்களுக்கும், விரதம் இருப்பவர்களுக்கும் அதையும் விடக் குறைவாகத் தேவைப்படலாம், கேட்டுப் போடுங்கள். கூடப் போட்டுவிட்டால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குளூற்றதயோனைத் திரும்ப உண்டாக்கும் அசற்றைல்சிஸ்ரீன் என்ற மருந்து அங்கே இருக்கிறது. முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் ஈரலை ஏறக்குறைய எப்போதும் காப்பாற்றிவிடலாம்.

ஐயா இப்போது வேறொரு கொலஸ்திரோல் குளிசையில் இருக்கிறார், கால் உளைவு இல்லை. போத்தலை என்ன செய்வது என்று மகள் தொலைபேசியில் கேட்டார். வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால் அவருக்கு மட்டும் கொடுத்துவிட வேண்டாம் என்றேன்.