உங்கள் அப்பாவின் கேள்விக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்ய நீங்கள் ஆசைப்படுவதும், அப்பா பிடிகொடுக்காமல் இருப்பதும் உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. "மாத்தி வெச்சவங்க எத்தனை நாளைக்கு இருக்கப் போறாங்க? நாலு மாசத்துக்காக உன் உடம்பை அறுக்கணுமா?" என்று கேட்டாராம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பெற்ற பெண் இல்லாமல் போகும் ஒரு நாளை நினைத்துப் பார்க்கச் சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் பேச்சு இப்படித்தான் வரும். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதிலும் இருக்கிறது. மூளைச்சாவுக்குப் பிறகு பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்த ஹிதேந்திரனைப் பற்றி நீங்களே அவரிடம் சொல்லிவிட்டீர்கள். அது கொடுத்த குடும்பத்தின் கதை. வாங்கிக்கொண்டவர் ஒருவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

டோனி ஹியூஸ்மன் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரப் பக்கத்துக்காரர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நிமோனியா வைரஸ் அவருடைய இதயத்தைத் தாக்கியது. வலுவிழந்த தசையை வைத்துக்கொண்டு ரத்தத்தை இறைக்கப் போராடிப் போராடி, இதயம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெருத்துவிட்டது. 1978 ஆகஸ்டில், 20 வயதில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் அவருக்கு மாற்று இதயம் வைத்தார்கள்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதய மாற்று சிகிச்சையைச் செய்தார். அந்த நோயாளி உயிரோடு இருந்தது 18 நாள். அடுத்த ஆண்டில் ஊருக்கு ஊர் மருத்துவர்கள் போட்டி போட்டுக்கொண்டு நூறு பேர் அளவுக்குச் செய்தார்கள். பெரும்பாலானவர்கள் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக இதற்குக் கதவைச் சாத்தின. அப்பா சொல்லும் நாலு மாதக் கணக்கு அன்றைக்கு உண்மைதான்.

ஆனால் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர் நார்மன் ஷம்வே விடவில்லை. புது இதயத்தை உடம்பு எதிர்க்கிறதா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க அவருடைய குழு ஒரு வழி செய்தது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக நீளமான மெல்லிய கருவி ஒன்றை இதயத்துக்குள் இறக்கி, உட்சுவரிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். எதிர்ப்பு தெரிந்தால் மருந்தைக் கூட்டுவார்கள். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை உலகம் முழுக்கப் பரவியது. ஸ்டான்ஃபோர்டில் இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கியது 1980-ன் கடைசியில். ஹியூஸ்மனுக்கு இதயம் வைத்தது அதற்கும் இரண்டு ஆண்டு முன்னால். கையில் இருந்த பழைய மருந்துகளை நம்பி மேஜையில் படுத்த இளைஞர் அவர்.

மாற்று இதயம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கலாம், நரம்புகளை இணைக்க முடியாது. ஆகவே மூளையின் கட்டளை அந்த இதயத்துக்கு நேரடியாகப் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும். மாடிப்படி ஏறத் தொடங்கினால் உடனே வேகம் பிடிக்காது. ரத்தத்தில் அட்ரீனலின் கலந்து வந்து சேர்ந்த பிறகே வேகமெடுக்கும், மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்த பின்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஷம்வே காலத்து முறையில் பழைய இதயத்தின் மேலறைச் சுவரில் ஒரு பகுதியை விட்டுவைத்து, அதோடு புதியதைத் தைப்பார்கள். அப்படிச் செய்துகொண்டவர்களின் ஈசிஜியில் மேலறைத் துடிப்பின் சிறிய அலை இரண்டு வரிசையாகத் தெரிவதுண்டு. ஒன்று புதிய இதயத்துடையது. மற்றொன்று மிச்சமிருக்கும் பழைய சதை தன் பாட்டுக்குத் துடிப்பது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே காகிதத்தில்.

அந்த இதயத்தோடு ஹியூஸ்மன் வாழ்ந்தது ஏறத்தாழ 31 ஆண்டு. இடையில் வேறு இதயம் மாற்றவில்லை. விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையில் மார்க்கெட்டிங் பொறுப்பில் வேலை பார்த்தார், திருமணம் செய்துகொண்டார். தன் பெயரில் ஓர் இதய அறக்கட்டளை தொடங்கினார். இதய நோய் வராமல் காத்துக்கொள்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், நர்சிங் படிப்பவர்களுக்கு உதவித்தொகை தருவதும் அதன் வேலை. மருத்துவர் படிப்புக்குக் கொடுக்காமல் நர்சிங்குக்குக் கொடுத்ததில் எனக்குத் தனி மதிப்பு. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவருக்குத்தான் தெரியும், இரவு மூன்று மணிக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர் யார் என்று.

அவருடைய தங்கைக்கும் அதே நோய் வந்தது. 1983-ல் அவருக்கும் இதயம் மாற்றினார்கள். அமெரிக்காவில் மாற்று இதயத்தோடு வாழ்ந்த முதல் அண்ணன் தங்கை இவர்கள்தான். 1991-ல், 29 வயதில், தங்கை இறந்துபோனார். இதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம். எல்லோருக்கும் 31 ஆண்டு கிடைக்கும் என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த எட்டு ஆண்டைக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹியூஸ்மன் 2009 ஆகஸ்டில் புற்றுநோயால் காலமானார். வயது 51. ஒரே மாற்று இதயத்தோடு உலகிலேயே அதிக காலம் வாழ்ந்தவர் என்ற பெயர் அப்போது அவருக்கு இருந்தது. பிறகு பிரிட்டனின் ஜான் மெக்காஃபர்ட்டி அதைத் தாண்டினார். 1982-ல் ஹேர்ஃபீல்டு மருத்துவமனையில் மக்தி யாகூப் அவருக்கு இதயம் வைத்தபோது ஐந்து ஆண்டு இருப்பார் என்றார்கள். 33 ஆண்டு இருந்து 2016-ல் போனார். இன்று இதயம் மாற்றிக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் பத்து ஆண்டைக் கடக்கிறார்கள். மாத்திரைகளை ஒரு வேளைகூட விடக்கூடாது, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பதால் தொற்றும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுதல். அதையெல்லாம் தெரிந்துதான் அவர்கள் வாழ்கிறார்கள்.

அப்பாவின் இன்னொரு பயம், "உயிர் இருக்கும்போதே எடுத்துடுவாங்க" என்பது. நம் நாட்டில் 1994-ல் வந்த சட்டப்படி மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவில் இருப்பவர் யாரும் அந்த நால்வரில் இருக்கக்கூடாது. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டுக் கண் அசைகிறதா என்று பார்ப்பார்கள். வென்டிலேட்டரைச் சில நிமிடம் கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் நெஞ்சு ஒரு தடவையாவது எழும்புகிறதா என்று நின்று பார்ப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்வார்கள். அதன் பிறகும் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எதையும் தொடுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அப்பாவுக்குத் தெரியாமல் பதிவு செய்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்களே, வேண்டாம். உங்களிடம் கார்டு இருந்தாலும் கடைசியில் டாக்டர் வந்து கேட்கப்போவது வீட்டில் இருப்பவர்களைத்தான். முதலில் அவரோடு பேசுங்கள். அம்மாவையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் சரி என்று சொல்ல மாட்டார், சொல்லவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை அவரே படிக்கட்டும். வேறு சந்தேகம் இருந்தால் எனக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள், நிச்சயம் பதில் போடுகிறேன். அவருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்