இடது கையைக் கேளுங்கள்

கேள்வி: ஆங்கிலப் பாட்டு எனக்கு அதிகம் பழக்கமில்லை. என் மகள் சொல்லி ரெஜினா ஸ்பெக்டரின் ‘சோவியத் கிட்ச்’ ஆல்பத்தைக் கேட்டேன். பெரும்பாலும் ஒரு பியானோவும் ஒரு குரலும்தான். பாதி வார்த்தைகள் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சை அடைக்கிறது. இதில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அவருடைய இடது கையைக் கவனியுங்கள். ‘புவர் லிட்டில் ரிச் பாய்’ பாட்டில் இடது கையால் பியானோ வாசித்துக்கொண்டே, மறு கையில் குச்சி பிடித்து நாற்காலியில் தாளம் தட்டுகிறார். பத்து விரல் செய்ய வேண்டிய வேலை ஐந்து விரலுக்கு வந்துவிடுகிறது. குரல் சாய்ந்துகொள்ள இடமே இல்லை.

பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டியதும் நாதம் பிறக்கும். அந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். வயலினைப் போல ஒரு சுரத்தை இழுத்து வளர்க்க முடியாது. தேயும் அந்த இடைவெளியை இவர் குரலால் நிரப்புகிறார். சில இடங்களில் வேண்டுமென்றே நிரப்பாமல் விடுகிறார். மூச்சிழுப்பதும், ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் காதில் விழுகின்றன. உங்கள் நெஞ்சை அடைப்பது அங்கேதான். அதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ‘அஸ்’ பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் தந்தி வாத்தியங்கள் வந்து குரலைத் தாங்கிக்கொள்கின்றன.

ரெஜினா 1980-இல் மாஸ்கோவில் பிறந்தவர். 1989-இல் யூதக் குடும்பமான அவர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பியபோது, வீட்டுப் பியானோவைக் கொண்டுவர முடியவில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் குடியேறிய பிறகு, மேசைப் பலகையில் விரலோட்டிப் பழகியிருக்கிறார்; பிறகுதான் யூத ஆலயம் ஒன்றின் நிலவறையில் ஒரு பியானோ கிடைத்தது. சத்தமே வராத பலகையில் பழகிய விரல்கள் அவை. ‘சோவியத் கிட்ச்’ தொகுப்பை முதலில் அவரே வெளியிட்டார்; 2004-இல் சயர் இசை நிறுவனம் பெரிய அளவில் கொண்டுவந்தது.

வார்த்தைகளுக்காக ஒரு பாட்டைக் கேட்பதென்றால் ‘கீமோ லிமோ’வைக் கேளுங்கள். புற்றுநோய் வந்த ஒரு தாயின் கனவு அது. சிகிச்சைக்குப் பணம் கட்டி மாள்வதைவிட, நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சொகுசு காரில் போகலாம் என்று முடிவெடுக்கிறாள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிப் பார்க்கிறாள். ஒருத்தியின் முகத்தில் தன் அம்மாவின் சாடை தெரிகிறது. கதையின் முழுப் பாரமும் எனக்கு அந்த இடத்தில்தான் இறங்கியது. தன்னிரக்கம் துளியும் இல்லாத பாட்டு. அதனாலேயே தாங்க முடியவில்லை.

‘யுவர் ஆனர்’ மட்டும் கிட்டார் இரைச்சலோடு வரும். முதல் தடவை அதைத் தாண்டிவிடலாம். ஹெட்போன் போட்டு, ‘ஓட் டு டிவோர்ஸ்’ தொடங்கி வரிசையாகக் கேளுங்கள். இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு வரிகளை எடுத்துப் படியுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.