என்புப்படையில் கிடைத்த பல்லை இனங்காணல்

அடையற்பாறைகளிற் சில படைகளில் மீன்களின் செதில்கள், பற்கள், என்புத்துண்டுகள் என்பன நெருக்கமாகச் செறிந்து காணப்படும். இவை என்புப்படைகள் எனப்படும். முழு வன்கூடு இவற்றில் அரிதாகவே கிடைக்கும். எனவே தனிப்பல்லைக் கொண்டே விலங்கை இனங்காண வேண்டியுள்ளது. பல்லின் மிளிரி உடலின் மிகக் கடினமான பகுதியாதலால் நீண்டகாலம் அழியாதிருக்கும்.

மாதிரியைத் தயார்செய்தல்

களிமண் மாதிரியை நீரில் ஊறவைத்து நுண்ணிய அரிதட்டில் அரிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லாயின் ஐதான அசற்றிக்கமிலத்தில் இடலாம். கல்சியம் காபனேற்று கரையும். பற்களிலுள்ள கல்சியம் பொசுபேற்று பெரும்பாலும் எஞ்சும். எஞ்சியவற்றை உலர்த்தி நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்க.

அவதானிக்க வேண்டியவை

1. சுறா: அடிப்பகுதி துளைகளுள்ள தளமாகும். அது தாடைக்குழியிற் பொருந்துவதில்லை.
2. நகருயிர்: பெரும்பாலும் ஒற்றைக்கூம்பு வடிவம். வேர் பிரிவதில்லை.
3. முலையூட்டி: கடைவாய்ப்பல்லின் முடியிற் பல கூர்முனைகள். வேர் இரண்டாகவோ பலவாகவோ பிரிந்திருக்கும்.

ஓர் உதாரணம்

ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகருக்கு அண்மையிலுள்ள திரியாசிக் கால இறுதி என்புப்படையில் மிகச்சிறிய பற்கள் கிடைத்தன. மீன், நகருயிர் எச்சங்கள் நிறைந்த அப்படையில் இவை வேறுபட்டுத் தோன்றின. முடியிற் கூர்முனைகள் வரிசையாக இருந்தன, வேர் பிரிந்திருந்தது. 1847 இல் பிளீனிங்கர் இவற்றை முலையூட்டியின் பற்களெனக் கொண்டு மைக்ரோலெஸ்ரிஸ் எனப் பெயரிட்டார். இதனால் முலையூட்டிகளின் வரலாறு 200 மில்லியன் ஆண்டுகளுக்கு அப்பாலும் செல்கிறது என்ற கருத்து எழுந்தது. அப்பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுச் சாதிக்கு வழங்கப்பட்டிருந்தமையால், 1908 இல் தோமாசியா என மாற்றப்பட்டது.

எனினும் பிரிந்த வேர் மட்டும் போதிய சான்றன்று. முலையூட்டிகளுக்கு நெருங்கிய, ஆனால் முலையூட்டியல்லாத திரைற்றிலோடொன்ரிட்டுகளின் கன்னப்பற்களுக்கும் பல வேர்களுண்டு. தோமாசியா அடங்கும் ஹராமியிடா கூட்டம் முலையூட்டிகளுள் அடங்குமா, அவற்றின் அயற்கிளையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது.

மாதிரி வினா

என்புப்படையொன்றிற் பெற்ற பல்லொன்றில் மூன்று கூர்முனைகள் உள்ளன; அடிப்பகுதி உடைந்துள்ளது. "இது முலையூட்டியின் பல்" என மாணவனொருவன் எழுதினான். இம்முடிவு ஏற்கத்தக்கதா?

விடை: ஏற்கத்தக்கதன்று. சில சுறாப் பற்களிலும் பல கூர்முனைகள் உண்டு. வேர் இல்லாதபோது இவ்விரண்டையும் கூர்முனை எண்ணிக்கையால் மட்டும் வேறுபடுத்த முடியாது. மிளிரியின் நுண்ணமைப்பையும் அதே படையில் கிடைத்த முழுமையான பற்களையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

நினைவிற் கொள்க: அவதானித்ததை முதலில் எழுதுக, விலங்கின் பெயரை இறுதியில் எழுதுக.