உடலின் வரவு செலவு

பொருளைக் காக்க விரும்புவோர் வரவையும் செலவையும் எழுதி வைத்தல் உலக வழக்கு. வரவு மிகுந்தால் பொருள் சேரும். செலவு மிகுந்தால் சேர்த்த பொருள் கரையும். உடலுக்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. உண்ணும் உணவு உடலுக்கு வரவு. மூச்சு விடுதல், இதயம் துடித்தல், நடத்தல், உழைத்தல் ஆகிய அனைத்தும் செலவு. வரவு மிகுந்தால் எஞ்சியது கொழுப்பாகச் சேர்கிறது. செலவு மிகுந்தால் அக்கொழுப்பு கரைகிறது.

பொருட்கணக்கில் மிச்சம் பெருகுவது மகிழ்ச்சி தரும். உடற்கணக்கிலோ அளவு கடந்த மிச்சம் நோய்க்கு வழிவகுக்கும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய், முழங்கால் மூட்டுத் தேய்வு ஆகியவை மிகு பருமன் உடையோரை எளிதில் பற்றுகின்றன. ஆதலின், அத்தகையோர் எடையைக் குறைத்துக்கொள்ளுதல் நன்று. ஆயின், அவர்கள் நாள்தோறும் எவ்வளவு உண்ண வேண்டும்? எவ்வளவு குறைக்க வேண்டும்? குறைத்தல் நன்று எனின், மிகக் குறைத்தல் மிக நன்று ஆகுமா? இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர் பலர் உழைத்துள்ளனர்.

எதனையும் கணக்கிடுவதற்கு அளவை ஒன்று வேண்டும். துணியை அளக்க முழம் உண்டு. நெல்லை அளக்க மரக்கால் உண்டு. உணவின் ஆற்றலை அளக்கும் அளவை கலோரி ஆகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு வேண்டிய ஆற்றலே உணவியலார் கூறும் ஒரு கலோரி. பிரெஞ்சு நாட்டு அறிஞர் லவாசியே, விளக்கு எரிவதும் உயிர்கள் மூச்சு விடுவதும் தன்மையில் ஒத்தவை என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே காட்டினார். விளக்குக்கு எண்ணெய் எவ்வாறோ, அவ்வாறே உடலுக்கு உணவு.

இக்கருத்தை மனிதரிடத்தில் நுணுக்கமாக அளந்து காட்டியவர் வில்பர் அட்வாட்டர் என்னும் அமெரிக்கர். அவர் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக விளங்கினார். 1890ஆம் ஆண்டுகளில் அவரும் இயற்பியல் அறிஞர் ரோசாவும் கூடி, ஒருவர் தங்கியிருக்கத்தக்க சிறிய அறை ஒன்றை அமைத்தனர். அவ்வறையினுள் ஒருவர் சில நாட்கள் உண்டும் உறங்கியும் உழைத்தும் வாழ்ந்தார். அவர் உடலினின்று வெளிப்பட்ட வெப்பத்தைக் குழாய்களில் ஓடிய நீர் ஏந்திச் சென்றது. அவ்வெப்பத்தையும், அவர் உண்ட உணவையும், விட்ட மூச்சையும் அறிஞர்கள் அளந்தனர். உள்ளே சென்ற ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் ஒத்திருந்தன. மாவுப்பொருளும் புரதமும் கிராம் ஒன்றுக்கு 4 கலோரியும், கொழுப்பு கிராம் ஒன்றுக்கு 9 கலோரியும் தரும் என்னும் கணக்கு இன்றும் அட்வாட்டர் பெயராலேயே வழங்குகிறது.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த இவ்வளவையைப் பொதுமக்களின் உணவு மேசைக்குக் கொண்டு சென்ற பெருமை லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவரைச் சாரும். இவர் கலிபோர்னியாவில் மருத்துவம் பயின்றவர். பருமனோடு நெடுங்காலம் போராடியவர். ஒரு காலத்தில் இவருடைய எடை 220 இராத்தல், அஃதாவது ஏறத்தாழ 100 கிலோகிராம். அதில் 70 இராத்தலைக் குறைத்த பின்னர், தாம் கண்ட வழியை 1918ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நகைச்சுவை ததும்பும் அந்நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. ஒவ்வொருவரும் முதலில் தம் உடலின் அன்றாடத் தேவையைக் கணக்கிட வேண்டும்; அதன் பின்னரே அதிலிருந்து 500 முதல் 1,000 கலோரி வரை குறைக்க வேண்டும் என்பது அவர் காட்டிய முறை. 500 கலோரி குறைத்தால் திங்கள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 இராத்தல் குறையும் என்றும் அவர் கணக்கிட்டார். நாளொன்றுக்கு 1,200 கலோரி என்னும் அளவும் அவர் நூலாலேயே புகழ் பெற்றது. எண் எளிதில் நினைவில் நிற்கும். எண்ணுக்கு முன் செய்ய வேண்டிய கணக்கோ எளிதில் மறக்கப்படும். 1,200 கலோரி போதுமெனில், 800 கலோரி இன்னும் விரைவில் பயன் தருமன்றோ என்று எண்ணுவாரும் உளர்.

இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை மற்றோர் ஆய்வு காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் ஐரோப்பாவில் மக்கள் பலர் பசியால் வாடினர். அவர்களை மீட்டு ஊட்டுவது எவ்வாறு என்று அறிவதற்காக, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின் பேரில் போர்த்தொழிலை மறுத்த இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்து அதில் பங்கு கொண்டனர். அவர்களுக்கு 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரியே கிடைத்தது. அவர்கள் வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது.

உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆயின் குறைந்தது எடை மட்டுமன்று. இதயம் மெல்லத் துடித்தது. வெயிற்காலத்திலும் குளிர் வாட்டியது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கியது. நகையும் நட்பும் மறைந்தன. உணவைப் பற்றிய நினைவே உள்ளத்தை நிறைத்தது. சமையல் நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்தோரும் உண்டு. அவ்விளைஞர்கள் முன்னரே மெலிந்த உடலினர். மிகு பருமன் உடையோர்க்குச் சேமிப்பு மிகுதி. ஆதலின் இருவரையும் முற்றிலும் ஒன்றாகக் கொள்ளலாகாது. எனினும், உண்மை ஒன்று இதனால் விளங்குகிறது. வரவு குறைந்தால் உடல் வாளா இருப்பதில்லை. தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது.

அவ்வாறாயின், தக்க நாள் வரம்பைக் காண்பது எவ்வாறு? முதற்படி செலவை அறிதல். இதற்கு உதவும் வாய்பாடு ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் மிஃப்ளின் குழுவினர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிலோகிராமில் எடையைப் பத்தால் பெருக்க வேண்டும். சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கி அதனோடு கூட்ட வேண்டும். அகவையை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆடவர்க்கு 5 கூட்ட வேண்டும். பெண்டிர்க்கு 161 கழிக்க வேண்டும். வருவதே முழு ஓய்வில் உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரி.

எடுத்துக்காட்டாக, 40 அகவையும், 170 சென்டிமீட்டர் உயரமும், 120 கிலோகிராம் எடையும் உடைய ஒருவரைக் கொள்ளலாம். அவருடைய ஓய்வுச் செலவு ஏறத்தாழ 2,070 கலோரி. பெரும்பாலும் அமர்ந்தே பணி செய்பவராயின், அதனை 1.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,900 ஆகும். இதுவே அவர் எடை மாறாதிருக்க வேண்டிய வரவு. இதிலிருந்து 500 முதல் 750 கலோரி வரை குறைப்பது தக்கது என்பது மருத்துவர் பலரின் கருத்து. அவர் 700 கலோரி குறைத்து, 2,200 கலோரியைத் தம் நாள் வரம்பாகக் கொள்கிறார் எனலாம். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். ஆகவே, 11 நாட்களில் ஒரு கிலோகிராம் குறையும். தொடக்கத்தில் உடலிலுள்ள நீரும் குறைவதால், முதல் வாரத்தில் எடை இன்னும் விரைந்து இறங்கக்கூடும். அவ்விரைவு நிலைக்கும் என்று நம்புதல் கூடாது.

இரண்டாம் படி, கணக்கைக் காலந்தோறும் திருத்துதல். அம்மனிதர் பொறுமையோடு முயன்று 90 கிலோகிராம் எடைக்கு வந்துவிட்டார் எனக் கொள்வோர், அவருடைய தேவையும் மாறிவிட்டதைக் காண்பர். சிறிய உடலுக்குச் செலவும் சிறிது. இப்பொழுது அவர் உடலின் செலவு ஏறத்தாழ 2,475 கலோரியே. பழைய 2,200 கலோரி வரம்பில் நாள்தோறும் 275 கலோரியே குறைகிறது. ஒரு கிலோகிராம் இறங்க 28 நாட்கள் வேண்டும். அவர் சோம்பவில்லை, நோன்பை மீறவுமில்லை. கணக்கே மாறிவிட்டது. இதனை அறியாதவர் மனம் தளர்ந்து முயற்சியைக் கைவிடுவர். அறிந்தவரோ, மருத்துவரை வினவி, வரம்பைச் சிறிது தாழ்த்துவர். அல்லது நடையைச் சிறிது கூட்டுவர். அல்லது மெல்லிய இறக்கமே போதுமென அமைவர்.

வாய்பாடு தருவது மதிப்பீடேயன்றி முடிந்த முடிவன்று. உண்பவர் எழுதும் கணக்கிலும் பிழை நேரும். 1992ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிகழ்ந்த ஆய்வொன்றில், குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்றோர், உண்மையில் உண்டதில் பாதியளவே கூறியமை தெரியவந்தது. அவர்கள் பொய்யுரைத்தாரல்லர், நினைவு அவர்களை ஏமாற்றியது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. தாளிக்கும்போது அதனை எண்ணுவார் சிலரே. ஆகவே, சில வாரங்கள் வரை எடையைக் குறித்து வந்து, அது காட்டும் போக்கைக் கொண்டு வரம்பைத் திருத்துவதே நேரிய வழி.

விரைவின் விலையை அண்மைக்கால ஆய்வு ஒன்றும் காட்டியது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில், மிகு பருமன் உடையோர் கடும் உணவுக் கட்டுப்பாட்டாலும் கடும் உடற்பயிற்சியாலும் 30 வாரங்களில் எடையைக் குறைத்தனர். அவர்களுள் 14 பேரை ஆறாண்டுகளுக்குப் பின் கெவின் ஹால் என்னும் அறிஞரின் குழுவினர் ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். போட்டியில் அவர்கள் குறைத்தது சராசரி 58 கிலோகிராம். அதில் 41 கிலோகிராம் மீண்டும் ஏறியிருந்தது. அவர்களுடைய ஓய்வுச் செலவோ, அவர்தம் உடலளவுக்கு எதிர்பார்க்கத் தக்கதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. எடை மீள்வதைக் கண்டு, மன உறுதி இல்லாதவர் என ஒருவரை இகழ்வது எத்துணை அறியாமை என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

எனவே, நாள் வரம்புக்குக் கீழெல்லையும் வேண்டும். மருத்துவர் பொதுவாகக் கூறும் வரம்பு பெண்டிர்க்கு 1,200 முதல் 1,500 கலோரி வரை; ஆடவர்க்கு 1,500 முதல் 1,800 கலோரி வரை. 800 கலோரிக்கும் குறைந்த உணவு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே கொள்ளத்தக்கது. மிக விரைந்து மெலிவோர்க்குத் தசை தேய்வதும் பித்தப்பையில் கல் உண்டாவதும் உண்டு. பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவும், காய்கறிகளும், தசைக்கு உழைப்பும் எடை குறைப்போர்க்கு இன்றியமையாதவை. முழு எடையும் குறைந்த பின்னரே நன்மை வரும் என்பதும் இல்லை. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்தக் கொதிப்பும் இரத்தச் சர்க்கரையும் தணியத் தொடங்கும். 120 கிலோகிராம் எடையுள்ளவர்க்கு இது 6 முதல் 12 கிலோகிராமே ஆகும்.

இக்கணக்குகள் யாவும் வளர்ச்சி முடிந்த பெரியோர்க்கே உரியவை. வளரும் பருவத்தினர் உடலுக்கு எலும்பும் தசையும் குருதியும் ஆக்கும் செலவு தனியே உண்டு. அவர்கள் தாமாகவே உணவைச் சுருக்குதல் வளர்ச்சியைக் கெடுக்கும். எடை பற்றிய கவலை எழுமாயின், பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கூறுதலே அறிவுடைமை.

நல்ல வணிகன் ஒரே நாளில் கடன் முழுவதையும் அடைக்க முயன்று முதலை இழப்பதில்லை. தன்னால் இயலும் தவணையை அறிந்து, தவறாது செலுத்துகிறான். எடை குறைப்பதற்கும் இதுவே நெறி. தாங்கக்கூடிய எண்களுள் மிகச் சிறியது தக்க வரம்பன்று. ஆண்டுகள் கடந்தும் உடலும் உள்ளமும் தளராமல் கைக்கொள்ளத்தக்க எண்ணே தக்க வரம்பு.

வினாக்கள்

1. அட்வாட்டர் அமைத்த அறையால் அறியப்பட்ட உண்மை யாது?
2. மின்னசோட்டா ஆய்வில் இளைஞர்களுக்கு நேர்ந்த மாற்றங்களை எழுதுக.
3. 120 கிலோகிராம் எடையுள்ளவர்க்குப் பொருந்திய நாள் வரம்பு, அவர் 90 கிலோகிராம் ஆன பின்னர் முன்போல் பயன் தராதது ஏன்?
4. எடை மீண்டும் ஏறியவரை இகழ்தல் தகாது என்பதைக் காரணம் காட்டி விளக்குக.