சரக்கு வண்டியில் கூடுதல் மின்கருவி: பொருத்தும் முன் ஒரு பாடம்

வண்டி வாங்கிப் பூஜை போட்ட மறுநாளே அதை எலக்ட்ரீஷியன் கடையில் கொண்டுபோய் நிறுத்துவது நம்மில் பலருக்கு வழக்கம். பெரிய பல்பு, கூடுதல் ஹாரன், பாட்டுப் பெட்டி, டிரைவருக்கு ஒரு சின்ன ஃபேன், செல்போன் சார்ஜர் என்று பட்டியல் நீளும். எல்லாம் சேர்த்தும் செலவு சில ஆயிரம்தான். ஆகவே யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

எங்கள் கடை வண்டியில் 60 வாட் ஹெட்லைட் பல்புகளை எடுத்துவிட்டு 100 வாட் பல்புகளைப் போட்டோம். ஃபேனையும் பாட்டுப் பெட்டியையும் அதே லைட் ஒயரில் கொக்கி போட்டு இணைத்தார்கள். ஒரு வாரத்தில் இரண்டு முறை ஃபியூஸ் போயிற்று. மூன்றாவது முறை 15 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் போட்டுக் கொடுத்து, "இனிமேல் போகாது" என்றார் வேலை செய்தவர். அவர் சொன்னபடியே ஃபியூஸ் போகவில்லை. ஒயர் போயிற்று. மண்டியிலிருந்து பருப்பு மூட்டைகளுடன் இரவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. டிரைவர் தம்பி சமயோசிதமாக வண்டியை ஓரங்கட்டி பேட்டரி ஒயரைக் கழற்றியதால் அவரும் பிழைத்தார், சரக்கும் பிழைத்தது. ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

குளிர் நாட்டில் செய்யும் முறை

முதலில் நமக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு பொருளைப் பார்ப்போம். குளிர் நாடுகளில் கார் இருக்கையைச் சூடாக்கும் கருவி உண்டு. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1966-ஆம் ஆண்டு மாடல் கார்களில் இதைக் கொடுத்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1971-இல் கொண்டுவந்தது. மேற்கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது மிகவும் தோதானது. 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 அந்த வகைக் கார். கூரை திறந்திருந்தால் ஹீட்டரின் வெப்பக் காற்று நிற்காமல் பறந்துவிடும். முதுகும் தொடையும் படும் இடத்திலேயே சூடு கிடைத்தால் அது வீணாகாது.

கம்பெனியிலிருந்து இந்த வசதி இல்லாமல் வந்த காருக்கு வெளியில் தனிப் பெட்டியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகே இருக்கையைத் தொடுவார்கள். காற்றுப் பை உள்ள கார்களில் இருக்கைக்கு அடியில் அதன் ஒயர்கள் போகும். அவசரப்பட்டால் அது வெடித்து விரியக்கூடும். பிறகு இருக்கை உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை அறுத்து உறையை உரித்து, உட்காரும் பாகத்தில் ஒன்றும் முதுகுப் பாகத்தில் ஒன்றுமாகச் சூடேற்றும் விரிப்புகளை நுரை மெத்தைமேல் ஒட்டுவார்கள். சுருக்கம் விழக் கூடாது. சுருக்கம் விழுந்த இடத்தில் சூடு குவிந்து மெத்தை கருகும்.

நமக்கு வேண்டிய பாடம் அந்தப் பெட்டியில் விரிப்புகளோடு வரும் மற்ற பொருள்களில் இருக்கிறது. தனி ஃபியூஸ், ரிலே, சுமைக்குத் தக்க தடிமனுள்ள ஒயர், சுவிட்ச் ஆகிய நான்கும் அதில் இருக்கும். லைட் ஒயரில் கொக்கி போடும் பேச்சே கிடையாது. ஆள் மேலே உட்காரும் பொருள் என்பதால் அத்தனை கவனம். நம் வண்டியிலும் ஓர் ஆள் உட்கார்ந்துதானே ஓட்டுகிறார்?

முதலில் கணக்கு

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கு புதிதல்ல. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஓர் இருக்கைக்கு 50 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் 100 வாட். 12 வோல்ட் வண்டியில் அது 8.3 ஆம்பியர்.

இப்போது எங்கள் வண்டியின் கணக்கைப் பாருங்கள். 60 வாட் பல்பு இரண்டு என்றால் 120 வாட், அதாவது 10 ஆம்பியர். 100 வாட் பல்பு இரண்டு என்றால் 200 வாட், அதாவது 16.7 ஆம்பியர். ஃபேனுக்கும் பாட்டுக்கும் 3 ஆம்பியர் சேர்த்தால் ஏறக்குறைய 20 ஆம்பியர். பத்து மூட்டை ஏற்றும் வண்டியில் இருபது மூட்டை ஏற்றியது போலத்தான். பாரம் அதிகமானால் பட்டை வளைவது கண்ணுக்குத் தெரியும். ஒயருக்குள் நடப்பது புகை வரும்வரை தெரியாது.

ஒயரின் தடிமன்

செம்பு ஒயர் மெலிய மெலிய அதன் தடை கூடும். அந்தத் தடை சூடாக மாறும். 5 மீட்டர் நீளத்தில் 8.3 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் ஏறக்குறைய 1.5 வோல்ட் வழியிலேயே தொலையும். 12 வாட் சூடு ஒயரிலேயே உண்டாகும். அதே வேலைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான், சூடு இரண்டரை வாட்டுக்குள் அடங்கும். விலை வித்தியாசமோ மிகச் சொற்பம். ஒயர் வாங்கும்போது மேல் உறையின் பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே செம்பு எவ்வளவு என்பதே கணக்கு. எடையில் ஏமாறாத நாம் இதிலும் ஏமாறலாமா?

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

ஃபியூஸ் கருவியைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்ற இருக்கிறது. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயரே ஃபியூஸாகிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். ஃபியூஸ் அடிக்கடி போனால் சுமை அதிகம் அல்லது எங்கோ ஒயர் உரசுகிறது என்று பொருள். காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, காவல்காரனை மாற்றக் கூடாது.

ஓடும் ஆம்பியரைப் போல ஒன்றேகால் மடங்கு ஃபியூஸ் என்பது நடைமுறைக் கணக்கு. 8.3 ஆம்பியருக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் சரி. இன்றைய தட்டை ஃபியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் நிறமும் ஒத்துப்போகின்றனவா என்று இன்றே பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

புதுக் கருவிக்கான ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது.

ரிலே எதற்கு?

டேஷ்போர்டு சுவிட்ச் சின்னது. அதன் வழியாகப் பெரிய மின்னோட்டத்தை விட்டால் உள்ளே கருகும். ரிலே இருந்தால் சுவிட்ச் வழியாகச் சிறிதளவு மின்சாரம் மட்டும் போய் ரிலேயை இயக்கும். பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே கருவிக்குப் போகும். சாதாரண ரிலேயில் நான்கு முனைகள் உண்டு. 30 என்ற முனை ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு. 87 கருவிக்கு. 85, 86 இரண்டும் சுவிட்சுக்கும் எர்த்துக்கும்.

சுவிட்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இல்லையேல் மறந்து அணைக்காமல் விட்ட கருவி பேட்டரியைக் காலி செய்யும். விடியற்காலை நான்கு மணிக்கு மண்டிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

எர்த்தும் எலியும்

பெயிண்ட் மேல் எர்த் ஒயரை முடுக்கினால் பிடிப்பு இருக்காது. பெயிண்டைச் சுரண்டி, ஒயர் நுனியில் லக் பொருத்தி, இரும்போடு இறுக்கமாக முடுக்க வேண்டும். தகரத் துவாரத்தின் வழியாக ஒயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சில மாதச் சூட்டில் இளகிவிடும்.

பலசரக்கு வண்டிகளுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. சிந்திய அரிசியும் பருப்பும் எலியை வரவழைக்கும். எலி ஒயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை வண்டியைக் கூட்டிச் சுத்தம் செய்வது மின்பாதுகாப்பிலும் சேர்த்தி. புது ஒயர்களைக் குழாய் உறைக்குள் விட்டு, தரையோரமாக இல்லாமல் உயரத்தில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சட்டமும் காப்பீடும்

ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி எதையும் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பல சுருதியில் அலறும் ஹாரன்களுக்கு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை இருக்கிறது. ஆகவே கருவி வாங்கும் முன்பே அது அனுமதிக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காப்பீட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கம்பெனி விலையில் சேராமல் நாம் பிறகு பொருத்திய மின்கருவிகள் சாதாரண பாலிசியில் தாமாக அடங்குவதில்லை. அவற்றின் மதிப்பைத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். எங்கள் வண்டியைப் பார்க்க வந்தவர் முதலில் கேட்டதே, "இதெல்லாம் பாலிசியில் இருக்கிறதா?" என்றுதான். எங்களிடம் பதில் இல்லை. பொருத்தியதற்கான பில்லும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பில் இல்லாமல் சரக்கைத் திருப்பித் தந்தால் நாமே வாங்கிக்கொள்வோமா? வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், கம்பெனி ஒயரை வெட்டும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பயிற்சிக் கணக்கு

தயிர் பாக்கெட் விநியோகம் செய்யும் 12 வோல்ட் வண்டியில் 48 வாட் குளிர்பெட்டி வைக்கிறோம். ஓடும் மின்னோட்டம் 4 ஆம்பியர். ஒன்றேகால் மடங்கு என்றால் 5 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் 3 மணி நேரம் ஓடவிட்டால் செலவாவது 12 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. பேட்டரி பழையதானால் வண்டி கிளம்பாது.

வேலை கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. இந்தக் கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கும்?
2. எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுகிறீர்கள்?
3. தனி ஃபியூஸ் எங்கே வருகிறது? எத்தனை ஆம்பியர்?
4. ரிலே உண்டா? சாவியை எடுத்தால் அணையுமா?
5. பில் தருவீர்களா?

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். நூறு, இருநூறு கூடக் கேட்டாலும் கொடுங்கள். வேலை முடிந்ததும் எல்லாக் கருவிகளையும் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒயரையும் சுவிட்சையும் ஃபியூஸ் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

சரக்கு போனால் மறுபடி கொள்முதல் செய்துகொள்ளலாம். நம்மை நம்பி இரவில் வண்டி ஓட்டும் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அவன் வீட்டாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?