ஒரு துளி இரத்தமும் ஒரு கேள்வியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

முன்னுரை

நீரிழிவு என்றும், சர்க்கரை வியாதி என்றும் வழங்கப்பெறும் நோயைக் கேள்விப்படாத வீடு இன்று நம் நாட்டில் இல்லை எனலாம். ஒரு காலத்தில் இது செல்வந்தரின் நோய் என்று கருதப்பட்டது. இன்றோ வயலில் உழைப்பவரையும், மூட்டை சுமப்பவரையும், தறியில் அமர்பவரையும் இது விட்டுவைக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் இதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டுள்ளது.

நோய் முழுவதையும் விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தாமே சோதித்துப் பார்க்கும் பழக்கம் எவ்வாறு வந்தது, அதன் பின்னால் உள்ள வேதியியல் யாது, அதனால் உண்மையான பயன் விளைய வேண்டுமாயின் நாம் செய்ய வேண்டுவது என்ன என்பனவற்றை மட்டும் ஈண்டுக் காண்போம்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகின்றது. நலமுடைய ஒருவருக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒவ்வொரு 100 மில்லி லிட்டர் இரத்தத்திலும் 70 முதல் 100 மில்லி கிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். 100 என்றே கொள்வோம். அப்படியானால் மொத்த இரத்தத்திலும் உள்ள சர்க்கரை 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே! நாம் ஒரு வேளையில் உண்ணும் சோறு செரித்தால் அதனைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட குளுக்கோஸ் குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கின்றது. அவ்வளவையும் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் அனுப்பி, இரத்தத்தில் அந்த ஒரு தேக்கரண்டியைக் காத்து நிற்கும் காவலாளியே கணையம் சுரக்கும் இன்சுலின்.

இன்சுலின் சுரக்காமற் போனாலும், சுரந்தும் உடல் அதற்குச் சரிவரக் கீழ்ப்படியாமற் போனாலும் சர்க்கரை இரத்தத்தில் தேங்குகின்றது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவு எனப்படுகின்றது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் தேங்கும் சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றது. ஆனால், 200 இருக்கும்பொழுது பலருக்கு எங்கும் வலிப்பதில்லை. காய்ச்சலைக் கை தொட்டு அறியலாம். பல்வலி தானே அறிவித்துவிடும். சர்க்கரையோ அளந்தாலன்றித் தெரியாது. சோதனையின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

நாவிலிருந்து சோதனைக் குழாய்க்கு

சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நம் நாட்டுப் பண்டை மருத்துவர் இந்நோயை இனங்கண்டு மதுமேகம் எனப் பெயரிட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை எழுதி வைத்தார். 1776-இல் மேத்யூ டாப்சன் என்பவர் அத்தகைய சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய பொருள் சர்க்கரையே என்று காட்டினார். நாக்கு செய்த வேலையை அதன்பின் வேதியியல் ஏற்றுக்கொண்டது.

நம் ஆய்வுக்கூடத்து அலமாரியில் நீல நிறத்தோடு நிற்கும் பெனடிக்ட் கரைசலை நாம் அனைவரும் அறிவோம். 5 மில்லி லிட்டர் கரைசலில் 8 துளி சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என நிறம் மாறும். குளுக்கோஸ், தாமிர அயனியை ஒடுக்கிக் குப்ரஸ் ஆக்சைடாக வீழ்படியச் செய்வதே இதன் காரணம். செய்முறைத் தேர்வில் நாம் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் இச்சோதனையைப் பல குடும்பங்கள் ஒரு காலத்தில் வீட்டில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி நாள்தோறும் செய்து வந்தன.

ஆயினும் இதற்கு இரு குறைகள் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டிய பின்னரே சிறுநீரகம் அதனை வெளியே விடுகின்றது. ஆகவே 130-க்கும் நீலம், 170-க்கும் நீலம், ஆபத்தான 45-க்கும் அதே நீலம்! மேலும், சிறுநீர்ப்பையில் தேங்கிய நீர் சில மணி நேரத்திற்கு முந்தைய செய்தியைத்தான் சொல்லும். பழைய கடிதத்தைப் படித்துவிட்டு இன்றைய மருந்தை முடிவு செய்வது போன்ற நிலை அது.

ஒரு பொறியாளரின் பிடிவாதம்

1970-ஆம் ஆண்டையொட்டி, ஒரு துளி இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் இட்டு, அதில் தோன்றும் நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது கனமானது, விலை மிகுந்தது, மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர் தம் 12-ஆம் வயது முதல் நீரிழிவுடன் வாழ்ந்து, அதன் கேடுகள் பலவற்றை உடலில் தாங்கியிருந்தார். அவருடைய மனைவி மருத்துவர். அவர் பெயரில் அக்கருவியை வாங்கிய பெர்ன்ஸ்டைன், ஒரு நாளைக்குப் பல முறை தம் இரத்தத்தைச் சோதித்தார். என்ன உண்டால் எவ்வளவு ஏறுகின்றது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகின்றது என்று பொறியாளருக்கே உரிய முறையில் குறித்து வந்தார். தாறுமாறாக ஏறி இறங்கிய சர்க்கரை அவர் வசப்பட்டது.

நோயாளி தானே சோதிப்பதை அந்நாளைய மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. தம் சொல் எடுபட வேண்டுமென்று, நாற்பது வயதைக் கடந்த நிலையில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார் அவர். இன்று சட்டைப்பையில் அடங்கும் குளுக்கோமீட்டரை மருந்துக் கடையில் எவரும் வாங்க முடிகின்றது என்றால், அத்தகையோரின் பிடிவாதத்திற்கும் அதில் பங்குண்டு.

பட்டைக்குள் நடப்பது என்ன?

இன்றைய சோதனைப் பட்டையின் நுனியில் குளுக்கோசை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு நொதி பூசப்பட்டுள்ளது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அத்தகைய நொதிகளுள் ஒன்று. அது குளுக்கோசை ஆக்சிஜனேற்றம் செய்யும்பொழுது வெளிப்படும் எலெக்ட்ரான்கள், இடையில் உள்ள ஒரு வேதிப்பொருளின் வழியே மின்முனையை அடைகின்றன. எவ்வளவு குளுக்கோசோ அவ்வளவு மின்னோட்டம். கருவி அதனை அளந்து சில நொடிகளில் எண்ணாகக் காட்டிவிடுகின்றது.

எந்த அளவீட்டுக்கும் பிழை எல்லை உண்டு என்று நமக்குக் கற்பிக்கப்படுகின்றது. இதற்கும் உண்டு. 2013-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தர விதியின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 15 பங்கு வரை கூடவோ குறையவோ காட்டும் கருவியும் தரமானதாகவே கொள்ளப்படும். ஆகவே நேற்று 150, இன்று 158 என்று கவலையுறுவதும், 142 ஆயிற்று என்று மகிழ்ந்து இனிப்பு உண்பதும் பொருளற்றவை. ஓர் எண்ணைக் கொண்டு தீர்ப்பு எழுதலாகாது. பல எண்களின் போக்கையே காண வேண்டும்.

எண் மட்டும் போதுமா?

1993-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பேராய்வு ஒன்றின் முடிவு வெளியாயிற்று. இன்சுலின் ஊசியால் வாழும் 1,441 பேர் அதில் பங்கு கொண்டனர். நாளுக்கு நான்கு முறையாவது சோதித்து, அதற்கேற்ப இன்சுலினை மாற்றிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண்நோய் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும் இடர் அவர்களுக்கு மிகுந்தது என்பதையும் அதே ஆய்வு கூறிற்று.

இதற்கு மாறாக, 2007-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், இன்சுலின் போடாத நோயாளிகள் வீட்டில் சோதித்து வந்ததால் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. இவ்விரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் முரண் இல்லை. முதலாமவர்கள் எண்ணைப் பார்த்தவுடன் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. ஊசியின் அளவு மாறிற்று. எண்ணைப் பார்த்த பின்னும் உணவும் நடையும் மருந்தும் பழையபடியே இருந்தால், அந்த எண்ணால் ஆவது யாது? வெப்பமானி காய்ச்சலைத் தணிப்பதில்லை. கருவியும் சர்க்கரையைக் குறைப்பதில்லை.

நம்மவரிடையே மற்றொரு வழக்கமும் உண்டு. மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு முன் மூன்று நாள் பத்தியம் இருப்பது. எண் நன்றாக வந்தால் தேர்வில் தேறியது போல மகிழ்வது. பின்னர் மூன்று மாதம் மறந்துவிடுவது. இங்கே ஏமாறுபவர் மருத்துவர் அல்லர். ஈமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் மூன்று மாதச் சோதனையோ இதற்கு மயங்காது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றது. அதன் வாழ்நாள் முழுதும் பட்ட சர்க்கரையின் அடையாளம் அதில் பதிந்திருக்கும்.

தறிக் கணக்கு நோட்டு

சோதனைப் பட்டை ஒன்று 20 ரூபாயையொட்டி விற்கின்றது. நாள்தோறும் நான்கு முறை சோதிப்பது கூலி வாங்கும் குடும்பத்திற்கு இயலாது. அப்படியானால் ஏழைக்கு இப்பழக்கம் எட்டாக் கனியா? எங்கள் வீட்டில் நடந்ததை இங்குக் கூறுவது பயன் தரும் என்று கருதுகின்றேன்.

என் தந்தையார் குழித்தறி நெசவாளர். நாள் முழுதும் அவர் கால்கள் குழிக்குள் மிதியின்மேல் இருக்கும். நரம்பின் உணர்வு குறைந்திருந்தமையால், மிதிக்கட்டையில் பட்ட சிராய்ப்பு ஒன்று புண்ணாகிப் பாய் நனைந்த பின்னரே அவருக்குத் தெரிந்தது. ஆற இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு மாதமும் தறி நின்றது. தறி நின்றால் கூலி இல்லை. "இழை அறுந்தா கை சொல்லிடும், இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே" என்றார் அவர்.

காலையில் வெறும் வயிற்றில் எப்பொழுது பார்த்தாலும் அவருக்கு 120-ஐ ஒட்டியே இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர், "காலையிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் காலைக் கதைதான் தெரியும், ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பாருங்கள்" என்று யோசனை சொன்னார். அதன்படி மூன்று நாள் இரவு உணவுக்கு முன்பும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்தோம். முன்பு 130 அளவு. பின்பு 231, 224, 240. மறு வாரம் சோற்றில் இரண்டு கரண்டி குறைத்து, கீரையும் சுண்டலும் சேர்த்து, உண்டபின் தெருவில் கால் மணி நேரம் நடந்து வந்தார். முன்பு அதே அளவு. பின்பு 182, 176, 190. கருவியின் பிழை எல்லையைக் கருதினும் மூன்று நாளும் ஒரே திசையில் நின்ற மாற்றம் இது.

செலவான பட்டைகள் 12. விலை 240 ரூபாய். நெய்த சேலைகளைக் குறித்து வைக்கும் தறிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் தந்தையாரே கோடு போட்டு இவ்வெண்களை எழுதினார். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். ஆயினும் ஆயிரக்கணக்கான இழைகளைக் கணக்குத் தவறாமல் பாவில் ஓட்டுபவருக்கு ஒரு பட்டியல் பெரிதா? அந்தப் பக்கத்தைப் பார்த்த மருத்துவர், மாத்திரை உண்ணும் வேளையை மாற்றிக் கொடுத்தார். வேறொருவருக்கு இதே எண்கள் வரும் என்பதில்லை. ஆனால் கேள்வியோடு சோதித்தால் சில பட்டைகளும் பாடம் சொல்லும் என்பது எவருக்கும் பொருந்தும்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

1. சோதிக்கும் முன் கையைச் சோப்பிட்டுக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். விரலில் ஒட்டிய பழச்சாறும் எண்ணை உயர்த்திக் காட்டும்.

2. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

3. பட்டைக் குப்பியை இறுக மூடி வைத்தல் வேண்டும். காலாவதி நாளைப் பார்த்தல் வேண்டும்.

4. எண்ணுடன் நேரம், உண்ட பொருள், செய்த வேலை ஆகியவற்றையும் எழுத வேண்டும். எண் மட்டும் தனித்து நின்றால் அதற்குப் பொருளில்லை.

5. வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் தோன்றி 70-க்குக் கீழ் இருந்தால், நினைவு தெளிவாக உள்ளபோதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

6. எண்ணைக் கண்டு தாமாகவே மருந்தை நிறுத்துவதோ கூட்டுவதோ கூடாது. மருத்துவரிடம் நோட்டைக் காட்ட வேண்டும்.

7. பட்டை வாங்கப் பணமில்லாத நாளிலும் பாதத்தைப் பார்க்கலாம். இரவில் படுக்குமுன் இரு பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பார்ப்பது செலவில்லாத சோதனை.

முடிவுரை

1922-ஆம் ஆண்டு ஜனவரியில் டொரண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் அத்தகைய சிறுவர்கள் மெலிந்து மடிவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. அந்நாள் தொட்டு மருந்துகள் பெருகியுள்ளன, கருவிகள் சிறுத்துள்ளன. நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்திருக்கின்றது. எஞ்சியிருப்பது வீட்டிற்குள் நடக்க வேண்டிய வேலை.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகின்றவர்கள். மருத்துவச் சீட்டையும் சோதனைத் தாளையும் படித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்மிடமே வருகின்றது. அந்தத் தாளைப் பார்த்து "ஏன் இவ்வளவு ஏறியது?" என்று பெற்றோரைக் கடிந்துகொள்வது எளிது, கடிந்தால் அடுத்த முறை அவர்கள் தாளை மறைப்பார்கள். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? நாளை எதை மாற்றிப் பார்க்கலாம்?" என்று அருகில் அமர்ந்து கேட்போமாயின், ஆய்வுக்கூடத்தில் நாம் கற்றது நம் வீட்டிற்குப் பயன்படும். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு நோட்டில் நான்கு கோடுகள் இழுத்துக் கொடுத்து இதனைத் தொடங்கி வைப்பார்களாக!