கழிமுகத்துப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படப் பட்டறை நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சென்னையில் கேமரா வைத்திருக்கும் பலரும் ஒரு தடவையாவது எண்ணூர் போய், புகைபோக்கியைப் படம் பிடித்துத் திரும்பியிருக்கிறோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பியிருக்கிறாய். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு, அடுத்த மாதம் நகரத்தில் கண்காட்சி, தலைப்பு 'மாசு' என்று திட்டம் போட்டிருக்கிறாயே, அதில் முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடு. பிறகு அந்த இரண்டு நாளை ஒரு வருஷமாக்கு.

தலைப்பை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், வெளியூர்க்காரர்களுக்கு என்ன படம் பிடிக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வருகிற போகிற கேமராக்களைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். 'மாசு' என்று சொன்னால் செத்த மீனையும் நுரையையும் கறுப்புப் புகையையும் ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நீயும் பாராட்டுவாய். நீ தேடிப் போனது அவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை அல்லவா? அது அந்தப் படங்களில் வராது.

அவர்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் உள்ள நீர்நிலைகளில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருளர்களில் பலருக்கு அதுதான் பிழைப்பு. தண்ணீருக்குள் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறி. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். சேறு எங்கே இளகியிருக்கிறது, எங்கே மின் நிலையச் சாம்பல் கெட்டிப்பட்டிருக்கிறது, எங்கே சிப்பி கையைக் கிழிக்கும் என்பதெல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்த செய்தி. அப்படித் துழாவும் ஒரு பாட்டியின் பேத்தி உன் வகுப்புக்கு வந்தால், அவள் பாட்டியின் விரல்களை எவ்வளவு கிட்டே போய் எடுக்க முடியும், யோசித்துப் பார். உனக்கும் எனக்கும் அந்த நெருக்கம் ஆயுள் முழுக்கக் கிடைக்காது.

இன்னொன்று, காக்கா ஆழி. அங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர் இது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு மட்டி. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் கடல்நீரோடு இங்கே வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, பாய் விரித்த மாதிரி சேற்றை மூடிவிடும். அடியில் இறால் பதுங்க இடமில்லை, துழாவக் கைக்கும் வழியில்லை. நகரத்திலிருந்து வரும் கேமராவுக்கு இது வெறும் கறுப்புத் திட்டு. குப்பத்துப் பையனுக்குப் போன மழைக்கு முன் அந்தத் திட்டு எதுவரை இருந்தது, இப்போது எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும்.

இங்கேதான் ஒரு வருஷம் வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். தன் வீட்டுப் படகு கட்டும் முளை, பாலத்தின் ஒரு தூண், அம்மா மீன் கூறு வைக்கும் இடம், எதுவாகவும் இருக்கலாம். நிற்கும் இடத்தில் ஒரு பெயின்ட் குறி. மாதம் ஒரு முறை, அமாவாசையை ஒட்டி, தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்தில் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் கேமராவைப் பிடித்து ஒரு படம். நீர் ஏறியிருக்கும்போது ஒரு படமும் வற்றியபோது ஒரு படமும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. அதனால் நேரத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளச் சொல். முதல் மூன்று மாதம் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். நீயும் சலிப்பாய். ஆறாவது மாதம் படங்களை வரிசையாகத் தரையில் பரப்பிவைத்துப் பாருங்கள். அப்புறம் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எண்ணூரின் கதைதான். 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகம், பின்னால் காட்டப்பட்ட வரைபடத்தில் இல்லை. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் 2017-இல் அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு இருக்கிறது, அலை ஏறி இறங்குகிறது, ஆட்கள் மீன் பிடிக்கிறார்கள், காகிதத்தில் மட்டும் அது இல்லை. அப்படியொரு ஊரில் தேதியும் இடமும் எழுதிய ஒரு வருஷப் படவரிசைக்கு என்ன மதிப்பு என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

தேதி, இடம் என்றேன். அதிலும் கவனம் வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் செல்போனில்தான் எடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் என்று படத்தோடு ஒட்டியிருக்கும் தகவலும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல். அது போக ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் எடுத்தது, எங்கே, என்றைக்கு, என்ன தெரிகிறது, தெரிந்தவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்று நாலு வரி அவர்கள் பேச்சிலேயே எழுதட்டும். 'மடவை முன்னாடி இங்கதான் நிக்கும்' என்று எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். உன் பேனாவை அதில் வைக்காதே.

வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் கரைசலைச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் கழிமுகத்தின் நீர்ப்பரப்பைக் கடந்து போகின்றன. அவை கசிந்து, ஆண்டுக்கணக்காக ஆற்றில் சாம்பல் படிந்திருக்கிறது. இதைப் படமெடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். செல்போன் கேமரா நிறத்தையும் வெளிச்சத்தையும் தானே சரிக்கட்டிவிடும். சாம்பல் மண்டிய சேறும் நல்ல சேறும் தனித்தனிப் படத்தில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவரச் சொல். இரண்டு கையிலும் ஒவ்வொரு பிடி அள்ளி, பக்கத்தில் பக்கத்தில் நீட்டினால் போதும். நிறமும் தெரியும், அளவும் தெரியும், யார் கை என்பதும் தெரியும். குழாய்க்கு அருகிலும் ஆலை வாசலுக்கும் துறைமுக வேலிக்கும் பிள்ளைகளை அனுப்பாதே. அங்கே காவலர்களோடு மல்லுக்கு நிற்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும் நாளில் குப்பத்துப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஆட்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக எண்ணெயை அள்ளிய படங்கள் நாடு முழுக்கப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது. அப்போது இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாவின் படம் பரவியது. அந்தப் படங்கள் தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள் சுவரில் படிந்து நின்ற எண்ணெய்க் கோட்டை யார் எடுப்பார்கள்? வலையை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் போகாத பிசுக்கை? வெளிக் கேமரா ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்தப் படங்கள் தொடங்குகின்றன. அவற்றை எடுக்க அங்கேயே வீடு உள்ள ஆள் வேண்டும். உன் பட்டறை அந்த ஆளை உருவாக்குவதற்குத்தான்.

இது யாரும் செய்யாத காரியம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாநிலத்துக் கிராமத்துப் பெண்களிடம் கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் கேமராவைக் கொடுத்து, எடுத்த படங்களை வைத்துக் கூடிப் பேச வைத்தார்கள். அந்தப் பேச்சு அதிகாரிகள் காது வரைக்கும் போனது. நம்மிடையே பழனி குமார் இருக்கிறார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர். வடசென்னையிலும் நாகப்பட்டினத்திலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பார். தங்கள் வீட்டாரையும் தங்கள் தெருவையும்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் பரிதாபத்தைத் தேடினால் கிடைக்காது, பழக்கம் தெரியும்.

அனுமதி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊர். ஆலைக் கழிவில் வந்த பாதரசம் மீன் வழியாக மனிதருக்குள் போய், கருவிலிருந்த குழந்தைகளையும் முடக்கியது. யூஜின் ஸ்மித் தன் மனைவி ஐலீனோடு அங்கே 1971-இலிருந்து மூன்று வருஷம் தங்கிப் படமெடுத்தார். நோயால் முடங்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் அவருடைய படம் உலகத்தையே உலுக்கியது. தாயும் தந்தையும் சம்மதித்து எடுத்த படம்தான் அது. மகள் இறந்தபின், அவள் போதுமான அளவு உழைத்துவிட்டாள், இனி ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோருக்குத் தோன்றியது. 1998-இல் ஐலீன் அந்தப் படத்தின் மீதான முடிவை அவர்களிடமே விட்டுவிட்டார். உலகப் புகழ்பெற்ற படத்துக்கே அப்படியென்றால், உன் கண்காட்சியில் தொங்கப்போகிற படத்துக்கு ஒருவர் ஒரு நாள் தந்த 'சரி' எத்தனை காலம் செல்லும்? ஒவ்வொரு முறை வெளியே காட்டும் முன்னும் திரும்பக் கேள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் எடுத்துவிடு. சிறு பிள்ளைகளின் முகம் விஷயத்தில் பெற்றோரைக் கேட்காமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது.

படங்கள் யாருடையவை என்பதையும் முதல் நாளே பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எடுத்த பிள்ளையுடையது. பத்திரிகை கேட்டால் பணமும் பெயரும் அந்தப் பிள்ளைக்கு. உன் பெயர் பயிற்சியாளர் என்ற இடத்தில் வந்தால் போதும். மூலப் படங்கள் எல்லாம் உன் லேப்டாப்பில் மட்டும் கிடந்தால், நீ வேறு வேலைக்குப் போனதும் ஊரின் ஒரு வருஷம் உன்னோடு போய்விடும். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கு. ஒன்று குப்பத்துச் சங்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருக்கட்டும். அதைத் திறந்து படங்களைத் தேடி எடுக்க அங்கே இரண்டு பேருக்காவது கற்றுக்கொடு.

கண்காட்சியை நகரத்தில் வைப்பதைத் தள்ளிப் போடு. முதலில் குப்பத்தில், மீன் ஏலம் விடும் இடத்தில், ஃபிளெக்ஸில் அச்சடித்துக் கட்டு. 'இது தப்பு, அந்தக் குழாய் உடைஞ்சது அதுக்கு முந்தின வருஷம்' என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார். அதையும் நோட்டில் ஏற்றிக்கொள்ளச் சொல். நாலு பேர் பார்த்துத் திருத்திய குறிப்போடு அதே படங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போகும்போது, யாரும் சுலபமாகத் தள்ளிவைத்துவிட முடியாது.

வரும் அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் கேமரா இல்லாமல் ஒரு தடவை போய், பிள்ளைகள் காட்டும் இடங்களையெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வா. எத்தனை செல்போன் தேறும், எத்தனை பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டியிருக்கும் என்று எழுது. என்னிடம் இரண்டு பழைய கேமராக்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. லென்ஸைத் துடைத்து அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்